மஞ்சள் துணி காய்ந்த கொட்டகை

எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் தவமலருக்கு வெயில்காரி என்று ஒரு பெயர் உண்டு. கேலிக்கு வைத்த பெயர்தான். ஆனால் ஆகஸ்ட் மாதத்தில் வந்து பார்த்தால் யாருக்கும் கேலி செய்யத் தோன்றாது. கேமரன் மலையில் வருஷம் முழுக்க ஈரம். சுவரில் ஈரம், போர்வையில் ஈரம், உப்பு ஜாடியில்கூட ஈரம். நடு வருஷத்தில்தான் மழை கொஞ்சம் மூச்சு விடும். செப்டம்பர் பிறந்தால் மறுபடி ஊற்றத் தொடங்கிவிடும். அந்த இடைவெளியில் மற்ற பெண்கள் மெத்தையைக் காயவைப்பார்கள். இவள் புத்தகங்களைக் காயவைப்பாள்.

நான் செல்லம்மா, அவளுக்குப் பக்கத்து வீடு. இருவரும் ஒரே மலையில் கத்தரி பிடித்துக் கொழுந்து வெட்டுகிறோம். எழுத்தைப் பார்த்தாலே எனக்குக் கொட்டாவி வரும். ஆனால் யாராவது படித்துக் காட்டினால் சோற்றை மறந்து கேட்பேன். தவமலர் படித்தால் மாமியாருக்கு ஒரு குரல், போலீஸ்காரருக்கு ஒரு குரல், செத்துக்கொண்டிருப்பவனுக்குக்கூட ஒரு தனிக் குரல். அதனால்தான் அவளோடு எனக்கு இத்தனை வருஷ சிநேகம். மற்றபடி அவள் வைக்கிற சாம்பார் வாயில் வைக்க முடியாது.

லயத்துக்குக் கீழே ரோட்டோரத்தில் பழைய நிறுவைக் கொட்டகை இருக்கிறது. முன்பெல்லாம் கொழுந்தை அங்கேதான் நிறுப்பார்கள். இப்போது லோரியிலேயே நிறுத்துவிடுவதால் அது சும்மா கிடந்தது. மேற்கே பார்த்த கொட்டகை. மூன்று பக்கமும் சுவர், காற்று அண்டாது. வேலை முடிகிற நேரத்துக்குச் சரியாக வெயில் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். தவமலர் அதைக் கூட்டி மெழுகி, பழைய காய்கறிப் பெட்டிகளை அடுக்கி அலமாரி ஆக்கினாள். புத்தகங்கள் எல்லாம் தானா ராத்தா டவுனில் பழைய பேப்பர் கடையில் கிளறி எடுத்தவை. பாதிக்கு அட்டை இருக்காது. மீதிக்குப் பூசணம்.

அந்தச் சாயங்காலங்களை நினைத்தால் எனக்கு இப்போதும் நாக்கு ஊறுகிறது. கியா பார்ம் சந்தையிலிருந்து வாங்கி வந்த சோளத்தை அவித்து வைத்திருப்பேன். அவள் மூன்று செங்கல்லைக் கூட்டித் தேத்தண்ணி போட்டு, எலுமிச்சம்பழம் பிழிவாள். ஸ்வெட்டரைக் கழற்றி வைத்துவிட்டுக் கையில் வெயில் படும்படி உட்கார்வோம். ஒவ்வொரு புத்தகமாகப் பக்கம் பக்கமாய்ப் புரட்டி, பழைய வேட்டித் துணியால் துடைத்து, வெயிலில் விரித்து வைப்பாள். பிரிந்த தாள்களைச் சாக்கு ஊசியால் தைப்பாள், மரவள்ளி மாவுப் பசை காய்ச்சி அட்டை ஒட்டுவாள், சிவப்பு நூலில் குரோஷே போட்டுப் பக்க அடையாளம் பின்னுவாள். கை வேலை செய்யும்போதே வாய் கதை சொல்லும். வேறென்ன வேண்டும் மனுஷிக்கு?

ஒரே குறை, கூரை ஒழுகும். மழைக்காலம் வந்தால் புத்தகங்களைப் பெட்டி பெட்டியாக வீட்டுக்குச் சுமக்க வேண்டும். அங்கே அடுப்படி மூலையில் கிடந்து மறுபடி பூசணம் பிடிக்கும். அடுத்த வருஷம் முதலிலிருந்து ஆரம்பிப்பாள். அலுக்கவே அலுக்காது அவளுக்கு.

இந்த வருஷம் ஒரு தடித்த நாவல் ஓடிக்கொண்டிருந்தது. புருஷன் வீட்டை விட்டு மூட்டையோடு வந்த ஒரு பெண் ரயிலடியில் நிற்கிறாள். ரயில் வந்துவிட்டது. ஏறுவாளா மாட்டாளா? அந்த இடத்தில் போய், எங்களை வேலை வாங்குகிற மண்டோர் இருளப்பன் கொட்டகைக்குள் தலையை நீட்டினார்.

கோலா தெர்லாவில் காய்கறித் தோட்டம் வைத்திருக்கும் சிங்காரம் கோழி எரு மூட்டைகளை அடுக்க இடம் கேட்கிறாராம். சும்மா கிடக்கிற கொட்டகையைக் கொடுத்துவிடச் சொல்லி ஆபீஸில் உத்தரவாம். திங்கட்கிழமை லோரி வருமாம், அதற்குள் காலி செய்ய வேண்டுமாம். சும்மா கிடக்கிறதாம்! நாங்கள் இரண்டு பேரும் அவர் கண்ணுக்கு மனுஷராகவே தெரியவில்லை. சிங்காரம் கொடுத்தனுப்பிய முட்டைக்கோஸ் வாரா வாரம் மண்டோர் வீட்டில் வேகிற வாசம் எனக்குத் தெரியாதா? நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கலாம் என்று எழுந்தேன். தவமலர் என் முந்தானையைப் பிடித்து இழுத்துவிட்டாள். மண்டோர் போன பிறகு அவள் மேற்கொண்டு படிக்கவில்லை. புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். புருஷன் போனபோதுகூட அவள் அப்படி அழுது நான் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். புத்தகங்கள் எப்படியும் வீட்டுக்குத்தானே போகப் போகின்றன, இந்தத் தடவை எல்லாவற்றுக்கும் நல்ல உறையாகப் போட்டு அனுப்புகிறேன் என்றாள். ரொட்டிக்கடை மாவுச் சாக்கை வெளுத்துக் கிழித்து வைத்திருந்தாள். மஞ்சளில் நனைத்தால் பூச்சி அண்டாது என்று கொட்டகை வாசலிலேயே பானை வைத்து மஞ்சள் காய்ச்சி, துணிகளை முக்கிப் பிழிந்து, வாசல் மரத்தின் கிளையெல்லாம் கட்டிக் காயவிட்டாள். முந்தைய நாள்களில் தைத்து முடித்த புத்தகங்களுக்கு உறை போட்டு அடுக்கியும் விட்டாள். இருட்டும்போது மீதித் துணிகள் காயவில்லை. காலையில் எடுத்துக்கொள்ளலாம் என்று அப்படியே விட்டுவிட்டு வந்தோம்.

திங்கட்கிழமை காலை கொட்டகைப் பக்கம் போக நேரமே கிடைக்கவில்லை, விடிந்ததும் மேல் மலையில் வெட்டிக்கொண்டிருந்தோம். அங்கிருந்து பார்த்தால் கொட்டகை உள்ளங்கையில் இருப்பதுபோல் தெரியும். சிங்காரத்தின் லோரி வந்து நின்றது. அவர் இறங்கி, ஒரு மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு நாலடி நடந்தார். நின்றார். மூட்டையைக் கீழே போட்டார். லோரிக்குத் திரும்பி ஓடி, பூட்ஸைக் கழற்றி எறிந்துவிட்டு வந்து, மரத்தைப் பார்த்துக் கன்னத்தில் மாறி மாறிப் போட்டுக்கொண்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தவமலர்தான் முதலில் வாயில் கை வைத்தாள்.

நீங்களே யோசித்துப் பாருங்கள். ரோட்டோர மரம். கிளை முழுக்க மஞ்சள் துணி. அடியில் மூன்று கல், அதிலும் மஞ்சள் தெறித்திருக்கிறது. பக்கத்தில் எலுமிச்சம்பழம். தவமலர் அட்டை வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி தரையில் நட்டபடி நிற்கிறது. யாரும் தெரியாமல் மிதித்துவிடக் கூடாதென்று நாங்கள் கத்தியை எப்போதும் நட்டுத்தான் வைப்போம். எஸ்டேட்டில் பிறந்தவன் எவனுக்கும் அந்தக் காட்சி ஒன்றைத்தான் சொல்லும். முனியாண்டி! அவர் வாசலுக்குப் போய் கோழிச் சாணியைத் தூக்கிக்கொண்டு நின்றால் சிங்காரத்துக்கு உயிர் இருக்குமா?

அன்று சாயங்காலமே தேங்காயோடு வந்து உடைத்து மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். செய்தி லயம் முழுக்கப் பரவியது. மறுநாள் கற்பூரம், அதற்கு மறுநாள் சுருட்டும் சேவலும். மெர்டேக்கா சுதந்திர தினத்துக்குக் கட்டிய கொடிகளுக்கு நடுவே யாரோ வேப்பிலைக்குப் பதிலாக ஏதோ ஒரு தழையைத் தோரணம் கட்டியிருந்தார்கள். தவமலர் உண்மையைச் சொல்லக் கிளம்பும்போதெல்லாம் நான்தான் பிடித்து உட்காரவைத்தேன். வாயை மூடிக்கொண்டிரு, சாமியே பார்த்துக் கொடுத்த இடம் என்றேன். உண்மையில் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மண்டோர் இருளப்பன் அந்த மூன்று அடுப்புக் கல்லுக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்ததைப் பார்க்க நான் என்ன புண்ணியம் செய்தேனோ.

ஆனால் சந்தோஷம் வியாழக்கிழமையோடு தீர்ந்தது. கொட்டகையை இடித்துவிட்டு, மேடை கட்டி, சிலை வைக்கப் போகிறார்களாம். சிங்காரம் சிமெண்டும் தகரமும் கொண்டுவந்து இறக்கிவிட்டார். வெள்ளிக்கிழமை பூஜை. எருவிலிருந்து தப்பிய கொட்டகையைக் கோயில் விழுங்கப் போகிறது. அப்போதும் நான் பேசாமல் இரு என்றுதான் சொன்னேன். உண்மையைச் சொன்னால் எரு திரும்பி வரும். சொல்லாவிட்டால் சிலை வரும். எருவுக்குச் சிலை மேல் இல்லையா?

தவமலர் கேட்கவில்லை. "சாமி பேரைச் சொல்லி எடம் பிடிச்சா அவரு என்னைச் சும்மா விடுவாரா? எனக்குப் பயமா இருக்குக்கா. எரு வந்தா வரட்டும்" என்றாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாசலில் கூட்டம். மண்டோர் நெற்றி நிறைய விபூதியோடு நின்றார். சிங்காரம் தாம்பாளத்தை ஏந்திக்கொண்டிருந்தார். தவமலர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் மரத்தடியில் நின்றாள்.

"இங்க சாமி இல்லண்ணே" என்றாள். "இந்தத் துணி என்னோடது. புஸ்தகத்துக்கு உறை போட மஞ்சள்ல முக்கிக் காயவெச்சேன். அது நான் அட்டை வெட்டுற கத்தி. இந்தக் கல்லு என் அடுப்பு. எலுமிச்சம்பழம் தேத்தண்ணிக்கு."

மண்டோரின் முகம் கறுத்தது. இத்தனை நாளாக எங்களை முட்டாளாக்கினாயா என்று பாய்ந்தார். அவள் எங்கே ஆக்கினாள், நீங்களாக வந்தீர்கள், நீங்களாக விழுந்தீர்கள் என்று நான் பின்னாலிருந்து சொன்னேன். சில பெண்கள் சிரித்துவிட்டார்கள். அதில் அவருக்கு இன்னும் ஏறிவிட்டது. நாளைக்கே எரு மூட்டையை இறக்கச் சொல்லிச் சிங்காரத்துக்கு உத்தரவு போட்டார்.

எல்லோரும் சிங்காரத்தைப் பார்த்தோம். அவர் தாம்பாளத்தை இறக்கி வைத்துவிட்டுக் கொட்டகைக்குள் போனார். காய்கறிப் பெட்டி அலமாரி முழுக்க மஞ்சள் உறை போட்ட புத்தகங்கள். ஒன்றை எடுத்தார். எடுத்த எடுப்பில் தன்னை அறியாமல் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் நமக்கெல்லாம் பழகிப்போனதுதானே அது. ஒற்றிய பிறகுதான், தான் என்ன செய்தோம் என்று அவருக்கே உறைத்ததுபோல் அப்படியே நின்றார்.

பிறகு வெளியே வந்தார். "மண்டோரே, இது நான் தேங்கா உடைச்ச எடம். இங்க கோழிச் சாணி கொட்டுனா என் வீட்ல எனக்குச் சோறு போடமாட்டாங்க. எரு வைக்க வேற எடம் பாத்துக்கறேன்" என்றார். "முனியாண்டி இல்லைன்னா போவுது. உள்ள சரஸ்வதி இருக்காங்கல்ல."

மண்டோர் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். ஒருவரும் அவர் பக்கம் இல்லை. தாம்பாளத்தில் இருந்த தேங்காயைச் சிங்காரம் கொட்டகை வாசலில் ஓங்கி அடித்தார். சரிபாதியாகப் பிளந்தது. நான் குலவை போட்டேன். வெட்கம் என்ன வெட்கம், தொண்டை கட்டும்வரை போட்டேன். தவமலர் என்னைக் கட்டிக்கொண்டு சிரித்தாள், அழுதாள், இரண்டையும் ஒன்றாகச் செய்தாள்.

கோயிலுக்கு என்று வந்த தகரம் கொட்டகைக் கூரைக்கு ஏறியது. சிமெண்ட் தரைக்குப் போனது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் சிங்காரமே ஏறி நின்று ஆணி அடித்தார். கடைசித் தகரம் அடிக்கும்போது மேகம் கூடிவிட்டது.

செப்டம்பர் முதல் வாரத்தில் மழை வந்தது. வழக்கமாக நாங்கள் பெட்டி சுமந்துகொண்டு ஓடுகிற மழை. இந்தத் தடவை கொட்டகைக்குள்ளே உட்கார்ந்து அதை வேடிக்கை பார்த்தோம். ஒரு சொட்டு உள்ளே விழவில்லை. லயத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். சிங்காரம் லோரியை நிறுத்திவிட்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார். வாசலில் எல்லோருடைய செருப்பும் நனைந்துகொண்டிருந்தது. அவற்றுக்கு நடுவே மண்டோருடைய பூட்ஸும் இருந்தது. அவர் மழைக்கு ஒதுங்கினாராம். ஒதுங்குகிறவர் எதற்குப் பூட்ஸைக் கழற்றினார் என்று நான் கேட்கவில்லை. பிழைத்துப் போகட்டும்.

தவமலர் தேத்தண்ணியில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தாள். சிவப்பு நூல் அடையாளத்தை இழுத்து, தடித்த நாவலின் கடைசி அத்தியாயத்தைத் திறந்தாள். தகரத்தின் மேல் மழை அடித்ததால் குரலை உயர்த்திப் படிக்க வேண்டியிருந்தது. நாங்கள் மூச்சு விடாமல் கேட்டோம்.

அந்தப் பெண் ரயிலில் ஏறவில்லை. ரயில் போன பிறகு மூட்டையைப் பிரித்து, பானையை எடுத்து, ரயிலடியிலேயே மூன்று கல் கூட்டி அடுப்பு மூட்டினாள்.

தவமலர் அதை இரண்டு தடவை படித்தாள்.