மஞ்சள் விளக்கு எரியக் கூடாது

என் அண்ணி கார்களுக்கு ஒயரிங் வேலை பார்ப்பவர். தெருவில் 'நெயில்பாலிஷ்' என்றால்தான் அவரைத் தெரியும். தன் விரலில் ஒருநாளும் பூசியதில்லை. முறுக்கி முடித்த ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் அதால் சிவப்பாக ஒரு பொட்டு வைப்பார், அவ்வளவுதான். பொட்டு இருந்தால் அது இறுகிவிட்டது, திரும்பத் தொட வேண்டாம். ஆறு வருடம் தொழிற்சாலையில் கார் ஒயர்களைக் கட்டுக்கட்டாகப் பின்னிக்கொண்டிருந்தபோது பழகியது. கல்யாணத்துக்குப் பிறகு வீட்டையொட்டிய ஷெட்டில் சொந்தமாகக் கடை போட்டார். பொட்டும் கூடவே வந்துவிட்டது.

ஒரு வேலையை முடித்தால் "சரியாயிடுச்சு" என்று அவர் வாயிலிருந்து வராது. "இப்போதைக்கு ஓடுது" என்பார். "கல்யாணம் எப்படிப் போகுதுன்னு கேட்டாலும் இதையேதான் சொல்லுவா" என்று அண்ணன் புலம்புவார்.

அந்த வெள்ளைக் கார் நான்காவது முறையாக ஷெட்டுக்குள் வந்தது ஒரு மதியத்தில். தெருமுனைத் தையல்காரருடையது. வாரத்தில் மூன்று நாள் அவர் தன் மனைவியை டயாலிசிஸுக்கு அழைத்துப்போக வேண்டும். மருத்துவமனைக்கு ஒன்றரை மணி நேரம். எஞ்சின் சூடானால் ரேடியேட்டரைக் குளிர்விக்கும் ஃபேன் தானாகச் சுழல வேண்டும். பழைய ஃபேன் மோட்டார் கருகிப்போனதால் ஒரு மாதத்துக்கு முன் அண்ணிதான் புதிது மாட்டினார். அதிலிருந்து சில நாள் சுழல்கிறது, சில நாள் இல்லை. ஃபேனுக்குக் கரண்டைத் திறந்துவிடும் ரிலேயை மாற்றினார். பிறகு சூட்டை உணரும் சுவிட்சை மாற்றினார். ஒன்றும் நடக்கவில்லை.

"தங்கச்சி, இதுக்குப் பேய் கீய் பிடிச்சிருக்கா? ரோட்டுல அசையாம நிக்குது, உன் மூஞ்சியப் பாத்ததும் சுத்துது!"

"என் மூஞ்சியப் பாத்தா நிறைய பேர் அப்படித்தான் ஓடுறாங்க, அண்ணே."

தையல்காரர் சிரிக்கவில்லை. "நேத்து பாலத்து மேல நாப்பது நிமிஷம். ஆவி அடங்குற வரைக்கும் அவ சீட்டுல சாஞ்சு கண்ண மூடிட்டே இருந்தா. திட்டியிருந்தாக்கூட தேவல. நாளைக்குக் காலைல ஏழு மணிக்குத் திரும்பவும் கிளம்பணும். முடியாதுன்னா இப்பவே சொல்லிடு, வேற கடை பாத்துக்கறேன்."

அண்ணி பானட்டைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டார். சூடேறியதும் ஃபேன் சமர்த்தாகச் சுழன்றது. டார்ச்சை அடித்து ஒயர்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். போல்ட்டுகள் வந்தபோது மட்டும், "பொட்டு இருக்கு, பொட்டு இருக்கு" என்று முணுமுணுத்தபடி தாண்டினார். ஒரு மணி நேரம் போனது. தையல்காரர் கடிகாரத்தைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார்.

சட்டென்று அண்ணி நிமிர்ந்தார். "நேத்து எப்ப சுத்த ஆரம்பிச்சுது, அண்ணே?"

"பானட்டத் தொறந்து, ஆற வெச்சு, ஸ்டார்ட் பண்ணினதும் சுத்துச்சு."

"அதுக்கு முன்னால?"

"அதுக்கு முன்னாலயும் அப்படித்தான். எப்ப தொறந்தாலும் சுத்தும்."

"அப்ப நாம தொறந்து பாக்குற வரைக்கும் இது நோயக் காட்டாது. மூடிட்டுத்தான் பாக்கணும்."

ஃபேனின் இரண்டு ஒயர்களிலிருந்தும் நீளமாகக் கம்பி இழுத்து, ஜன்னல் வழியே காருக்குள் கொண்டுவந்து, கம்பிக்கொரு சின்ன பல்பு மாட்டினார். ஒன்றில் சிவப்பு டேப், இன்னொன்றில் மஞ்சள். என்னைப் பின்சீட்டில் உட்காரவைத்து இரண்டையும் கையில் கொடுத்தார்.

"சிவப்பு எரிஞ்சா ஃபேனுக்குக் கரண்ட் வந்துடுச்சுன்னு அர்த்தம். மஞ்சள் எரியவே கூடாது. எரிஞ்சா, வந்த கரண்ட் திரும்பிப் போக வழியில்லாம முட்டிட்டு நிக்குது. பாத்ததும் சொல்லு."

தையல்காரர் ஓட்டினார். கடைவீதிக்குள் புகுந்ததும் வண்டிகள் நகரவில்லை. காற்றில்லை. சூட்டைக் காட்டும் முள் பாதியைத் தொட்டது.

"சிவப்பு?"

"இல்ல அண்ணி."

முள் பாதியைத் தாண்டி ஒரு கோடு ஏறியது. சிவப்பு பளிச்சென்று எரிந்தது. சொன்னேன். மூவரும் காதைத் தீட்டிக்கொண்டோம். முன்பக்கத்திலிருந்து ஃபேன் சத்தம் வரவில்லை. என் கையில் மஞ்சளும் எரிந்துகொண்டிருந்தது.

"அண்ணி, ரெண்டுமே எரியுது!"

"நிறுத்திடறேன்மா, எஞ்சின் வெந்துடும்" என்றார் தையல்காரர்.

"ஆஃப் பண்ணாதீங்க! ஓரமா நிறுத்தி ஓட விடுங்க. ஹீட்டர முழுசாத் திருப்புங்க, கொஞ்சம் சூட்ட அது இழுக்கும்."

அனல் முகத்தில் அடித்தது. முள் சிவப்புக் கோட்டை நோக்கி நகர்ந்தது. அண்ணி இறங்கி ஓடி, மூடிய பானட்டின் நுனியில், பூட்டுக்கு நேர் மேலே, உள்ளங்கையால் ஓங்கி ஒரு அடி அடித்தார். மஞ்சள் அணைந்தது. ஃபேன் உறுமிக்கொண்டு சுழன்றது.

முள் இறங்கும்வரை காத்திருந்து எஞ்சினை நிறுத்தினோம். பானட்டைத் திறந்து அண்ணி குனிந்தார். பூட்டுக்குக் கீழே, கரண்ட் திரும்பிப் போகும் எர்த் ஒயரைத் தகட்டோடு சேர்த்துப் பிடித்திருக்கும் போல்ட். அதன் தலையில் சிவப்புப் பொட்டு, வைத்த அன்று போலவே பளபளத்தது. இரண்டு விரலால் திருப்பினார். சுற்றியது. பானட்டை மூடும்போது பூட்டு அந்தத் தகட்டை அழுத்தியிருக்கிறது, ஒயர் விலகியிருக்கிறது. திறந்தால் திரும்ப ஒட்டியிருக்கிறது.

தையல்காரர் இன்னும் டிரைவர் சீட்டில்தான் இருந்தார். திறந்த பானட் அவரை மறைத்தது. ஸ்பேனர் அண்ணியின் கையிலேயே இருந்தது. நாலு சுற்று முறுக்கினால் யாருக்கும் தெரியாது. அண்ணி முறுக்கவில்லை. அவரைக் கூப்பிட்டு, ஆடும் போல்ட்டைக் காட்டினார்.

"என் தப்பு, அண்ணே. மோட்டார் மாத்தின அன்னிக்கு யாரோ கூப்பிட்டாங்க. பொட்ட வெச்சுட்டு, முறுக்காம போயிருக்கேன். அப்புறம் மூணு தடவையும் பொட்டப் பாத்து நானே ஏமாந்தேன். ரிலேயும் நல்லாத்தான் இருந்திருக்கு, சுவிட்சும் நல்லாத்தான் இருந்திருக்கு."

அவர் போல்ட்டை விரலால் ஆட்டிப் பார்த்தார். "நானும் காஜா எடுக்காம பட்டன் தெச்சுக் குடுத்திருக்கேன், தங்கச்சி" என்றார். "ஆனா சட்டை யாரையும் பாலத்து மேல நிறுத்தாது."

அண்ணி தகட்டைத் தேய்த்துச் சுத்தம் செய்து, போல்ட்டை முறுக்கினார். பழைய பொட்டைச் சுரண்டி எடுத்தார். புதிதாக வைக்கவில்லை.

"கம்பிய எடுக்கல, அண்ணே. நாளைக்கு நானும் வரேன்."

"வேற கடைக்குப் போறேன்னு சொன்னேன்ல?"

"போயிட்டு வந்தப்புறம் போங்க."

மறுநாள் நடந்ததை அண்ணி வந்து சொன்னார். பல்புகளைத் தையல்காரரின் மனைவியே கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டாராம். பாலத்தின் நடுவில் நெரிசல். முள் பாதியைத் தாண்டியதும் தையல்காரர் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டாராம்.

"சிவப்பு எரியுது" என்றார் பின்சீட்டிலிருந்து அந்த அம்மா.

"மஞ்சள்?"

"அது தூங்குது, நான் கூப்பிடும்போது உங்கண்ணன் தூங்குற மாதிரி."

ஃபேன் சத்தம் கேட்டது. பாலத்தை விட்டு இறங்கியதும் தையல்காரர் கண்ணாடியில் பின்னால் பார்த்து, "நான் எங்கடி தூங்கினேன்?" என்றாராம்.