நாக்கு வெட்டும் பிள்ளைகள்

பள்ளிக்கூடம் விட்டதும் இந்த ஊர்ப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ப் புத்தகப் பையை வைத்துவிட்டு, கத்தியை எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போகிறார்கள். இதை முதன்முதலாகப் பார்த்த அன்று, அடுப்பில் பால் இருப்பதை மறந்து ஜன்னலருகே நின்றுவிட்டேன். எட்டு ஒன்பது வயதுப் பெண் குழந்தைகள். ஆரஞ்சு நிற ரப்பர் அங்கி, முழங்கால்வரை பூட்ஸ், இடுப்பில் உறையிட்ட கத்தி. பனியில் ஒருவரையொருவர் தள்ளிவிட்டுச் சிரித்தபடி மீன் தொழிற்சாலையின் கொட்டகைக்குள் நுழைந்தார்கள். அங்கே பலகையில் நட்டுக்குத்தலாக ஓர் ஆணி. டொர்ஸ்க் என்ற பெரிய மீனின் வெட்டிய தலையைத் தூக்கி, தாடையை அந்த ஆணியில் குத்தி, ஒரே இழுப்பில் நாக்கை அறுத்து வாளியில் போடுகிறார்கள். அடுத்த தலை. அதற்கடுத்த தலை. என் மகள் அனுவுக்கு ஏழு வயது. தோசைக்கரண்டியைக்கூட நான் அவள் கையில் கொடுத்ததில்லை.

நாங்கள் சிட்லபாக்கத்துக்காரர்கள். கணவர் கார்த்திக் கப்பலில் என்ஜினீயராக இருந்தவர். குழந்தை வளரும்போது அப்பா கரையில் இருக்கட்டும் என்று நான் நச்சரித்ததால்தான், நார்வேயின் வடகோடியில், பின்மார்க் கடற்கரையில், ஒரு மீன் தொழிற்சாலையின் குளிர்பதன இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வந்தார். கரை என்று நான் கேட்டது இந்தக் கரையை அல்ல. குளிர்காலத்தில் இரண்டு மாதம் சூரியனே எழாது. மரம் கிடையாது. வெறும் பாறை, கடல், பெட்டி பெட்டியாகச் சாயம் பூசிய மரவீடுகள். ஓராண்டு ஒப்பந்தம் இந்தக் கோடையில் முடிகிறது. தாம்பரத்தில் ஒரு நல்ல பள்ளியில் அனுவுக்கு இடம் சொல்லி வைத்திருக்கிறார் என் அப்பா. அதுவரை பிள்ளையைச் சளி பிடிக்காமல், கை கால் முறியாமல், தமிழ் மறக்காமல் வைத்திருப்பதே என் வேலை என்று நினைத்திருந்தேன்.

வீடுகள் எல்லாம் ஒரே வயதாகத் தெரிகிறதே என்று வந்த புதிதில் ரஞ்சி அக்காவிடம் கேட்டேன். போருக்குத் தப்பி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, இந்தத் தொழிற்சாலையில் மீன் துண்டு போடும் வரிசையில் நீண்ட காலமாக வேலை செய்பவர். இந்த ஊரில் எங்களைத் தவிர்த்துத் தமிழ் பேசுவது அவர் குடும்பம்தான். "எல்லாம் எரிச்சதுக்குப் பிறகு கட்டினது தங்கச்சி. ரெண்டாம் உலக யுத்தத்தில ஜெர்மன்காரன் பின்வாங்கிப் போகேக்க ஒரு வீடு விடாமல் கொளுத்திப்போட்டுப் போனவன். சனம் குகையளுக்க இருந்ததாம். திரும்பிப் போகவேண்டாம் எண்டு அரசாங்கம் சொல்லியும் கேக்கேல்ல, வந்திட்டுதுகள்." பிறகு, "எங்களால ஏலாததை அதுகள் செய்ததுகள்" என்றார். அதன்பிறகு இந்தச் சாயம் பூசிய பெட்டிகளை நான் வேறு மாதிரி பார்க்கத் தொடங்கினேன்.

ஊரின் பிழைப்பு மீன். குளிர்கால முடிவில் முட்டையிடக் கரையோரம் வரும் டொர்ஸ்க்கைப் பிடித்து, உயரமான மரச்சட்டங்களில் தொங்கவிட்டு, கடற்காற்றிலேயே காயவைத்து விற்றிருக்கிறார்கள் பல நூறு ஆண்டுகளாக. இப்போது பெரும்பகுதி உறைய வைத்துப் போகிறது. தலைகளைக்கூட வீணாக்குவதில்லை, காயவைத்து ஆப்பிரிக்காவுக்கு அனுப்புகிறார்கள். நாக்கு மட்டும் பிள்ளைகளுக்கு. அவர்களே வெட்டி, பொரித்துத் தின்ன வீடு வீடாகவும் ஓட்டலுக்கும் விற்றுக்கொள்ளலாம். இதெல்லாம் பின்னால் தெரிந்தது. முதலில் பார்த்தபோது என் கண்ணுக்குத் தெரிந்தது மஞ்சுளாதான்.

மஞ்சுளா கோவளம் பக்கத்துக் குப்பத்துப் பெண். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுடைய அம்மா கூடையோடு எங்கள் தெருவுக்கு வரும்போது கூடவே வருவாள். என் வயது. வாசலில் உட்கார்ந்து அரிவாள்மணையில் அவள் வஞ்சிரம் நறுக்குகிற வேகத்தை வாய் பிளந்து பார்ப்பேன். "இன்னா பாப்பா, நீ ஒண்ணு வெட்றியா?" என்று சிரிப்பாள். நான் ஓரடி முன்னால் வைப்பதற்குள் அம்மா உள்ளிருந்து, "வித்யா, போய்ப் படி" என்பாள். ஒரு வருடம் பள்ளி திறந்த பிறகும் மஞ்சுளா வாரநாட்களில் கூடையோடு வர, அம்மா கேட்டாள், "ஏம்மா, பொண்ணை ஸ்கூலுக்கு அனுப்பலையா?" அவள் அம்மா நிமிராமல் செதில் சுரண்டியபடி, "இன்னாத்துக்குக்கா? கத்தி புடிக்கிற கைக்குப் பேனா இன்னாத்துக்கு?" என்றாள். அன்று அம்மா உள்ளே போய் என்னுடைய பழைய பாவாடை சட்டைகளைப் பையில் போட்டு எடுத்துவந்து கொடுத்தாள். கத்தி, பழைய துணி, நின்றுபோன படிப்பு மூன்றும் எனக்குள் ஒரே முடிச்சாக விழுந்தது அப்போதுதான்.

ஆகவே நான் செய்ததை நீங்களும் செய்திருப்பீர்கள். கொட்டகைப் பிள்ளைகளில் சுன்னிவா என்ற பெண்ணின் அங்கி தோளில் கிழிந்து ஒட்டுப் போட்டிருந்தது. உள்ளே போட்டிருந்த கம்பளிச் சட்டையின் கை நூல் நூலாகத் தொங்கியது. வளர்கிற பிள்ளை என்று அனுவுக்கு இரண்டு அளவு பெரிதாக வாங்கி வைத்திருந்த ஸ்வெட்டர், கையுறை, புது நோட்டுகள், பென்சில் பெட்டி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு அவளிடம் கொடுத்தேன். எனக்குத் தெரிந்த நார்வேஜிய மொழியில், "நன்றாகப் படி" என்றேன். அவள் கண்கள் விரிய "தாக்" என்று நன்றி சொல்லி வாங்கிக்கொண்டாள். வீடுவரை மனசு லேசாக இருந்தது.

மறுநாள் மாலை கதவைத் தட்டினார்கள். திறந்தால், ஊரின் ஒரே டாக்டர். அனு தும்மினாலும் நான் ஓடுகிற டாக்டர் பெரிட். பக்கத்தில் நான் கொடுத்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு சுன்னிவா.

"என் மகளுக்கு அழகான பரிசு கொடுத்திருக்கிறாய்" என்றார் டாக்டர். இந்த மொழியில் எல்லோருக்கும் எல்லோரும் 'நீ'தான். எனக்கு மட்டும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட இன்னும் வராது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல், "அவள்... வேலை செய்கிறாள் என்று..." எனத் திணறினேன். அவர் வேறு விதமாகப் புரிந்துகொண்டார். பிள்ளைகள் வளர்ந்தால் துணிமணிகளைக் கைமாற்றிக்கொள்வது இங்கே வழக்கம். டாக்டர் வீடானாலும் கிழிந்தால் ஒட்டுப்போட்டுத்தான் போடுவார்கள். "இது சுன்னிவாவுக்குச் சின்னதாகிவிட்டது. உன் அனுவுக்குச் சரியாக இருக்கும்" என்று ஒரு பொதியை நீட்டினார். உள்ளே குட்டி ஆரஞ்சு அங்கி. அதன்மேல் உறையிட்ட கத்தி.

அன்றிரவு தூங்கும்வரை அனு அந்த அங்கியைக் கழற்றவில்லை. ரஞ்சி அக்காவுக்கு போன் செய்தேன். நீண்ட நேரம் சிரிப்புதான் கேட்டது. "என்னப்பா நீங்கள், டொக்டரின்ர பிள்ளைக்கே தருமம் குடுத்திருக்கிறீங்கள்! விடுங்கோ, என்ர பொடியள் ரெண்டும் நாக்கு வெட்டித்தான் சைக்கிள் வாங்கினவங்கள். பெரியவன் இப்ப ஒஸ்லோவில படிக்கிறான். விரல் பத்தும் இருக்கு." கார்த்திக்கோ, "ஊருக்கே நீ ஒரு கதை கொடுத்துட்ட. போகட்டுமே வித்யா, ஆசைப்படறா" என்றார். அவருக்கு எல்லாமே "போகட்டுமே"தான். பயப்படுகிற பங்கு முழுக்க என்னுடையது.

போகவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்தேன். விடாவிட்டால் என்ன ஆகும் என்றும் யோசித்தேன். சில மாதத்தில் கிளம்பப்போகிறோம், இந்தப் பழக்கம் எதற்கு? வகுப்பில் எல்லோரும் போக, இவள் மட்டும் ஜன்னலில் நின்றால் அதுவும் பாவமல்லவா? கடைசியில், சளி இல்லாத பிள்ளைக்குச் சளி என்று சொல்லி டாக்டரிடம் போனேன்.

"கை வெட்டுப்பட்டால்?" என்றேன்.

"படும்" என்றார். உள்ளங்கையை விரித்துத் தன் தழும்பைக் காட்டினார். "இது என் எட்டு வயதில். தைக்கத்தான் நான் இருக்கிறேனே."

"பெரியவர்கள் ஏன் வெட்டுவதில்லை?"

"அது பிள்ளைகளுடையது."

"சட்டமா?"

"இல்லை. எவரும் தொடமாட்டார்கள், அவ்வளவுதான்." ஜன்னல் பக்கம் திரும்பினார். வெளியே படகுத்துறையில் பாதி இடம் காலி. "என் அப்பாவுக்குப் படகு இருந்தது. இத்தனை மீன் பிடிக்கலாம் என்கிற உரிமையும் அதோடு சேர்ந்தது. கடன் முட்டியபோது தெற்கே ஒருவருக்கு இரண்டையும் விற்றார். மீன் இன்றைக்கும் எங்கள் வீட்டு வாசல் வழியாகத்தான் போகிறது, நாங்கள் பிடிக்க முடியாது. பக்கத்து ஊரில் இப்படியே தொழிற்சாலை மூடிப் பள்ளிக்கூடமும் மூடிவிட்டது. இந்த ஊரில் விற்க முடியாத உரிமை நாக்கு ஒன்றுதான். உன் மகளுக்கும் அதில் பங்கு உண்டு, இந்தப் பள்ளியில்தானே படிக்கிறாள்?"

கேட்டது சாதாரணமாகத்தான். எனக்கோ நெஞ்சில் ஏதோ இடம் மாறியது. மஞ்சுளாவுக்குக் கத்தி வந்தபோது பள்ளிக்கூடம் போனது. இங்கே பள்ளிக்கூடத்தில் இருப்பதால்தான் கத்தியே வருகிறது. அன்று எங்கள் வாசலில் அவள் "நீ ஒண்ணு வெட்றியா" என்று கேட்டதும், இன்று இவர் கேட்பதும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று தோன்றியது.

மறுநாள் நானே அனுவைக் கூட்டிப்போனேன். சுன்னிவா பின்னால் நின்று அவள் மணிக்கட்டைப் பிடித்துக் காட்டிக்கொடுத்தாள். முதல் தலை வழுக்கிக் கீழே விழுந்தது, எல்லோரும் சிரித்தார்கள், அனுவும் சிரித்தாள். இரண்டாவதில் நாக்கு வந்துவிட்டது. பாதிதான் வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு "அம்மா!" என்று அவள் கத்திய கத்தலில், கொட்டகையின் நீராவிக்கு நடுவே அந்த ஒரே ஒரு தமிழ்ச் சொல் தனியாகக் கேட்டது. நான் கைதட்டினேன்.

வீட்டுக்கு வந்து மஞ்சள் தூள் போட்டு அவள் கையைக் கழுவினேன், அம்மா மீன் ஆய்ந்த பிறகு செய்வதுபோல. வாசம் போகவில்லை. அங்கியை அலசும்போதுதான் கழுத்துப்பட்டையின் உட்புறம் பார்த்தேன். அழியாத மையில் பெயர்கள், ஒன்றன்கீழ் ஒன்றாக. இந்த அங்கியைப் போட்டு வளர்ந்த பிள்ளைகள். கடைசியில் சுன்னிவா. அதற்குக் கீழே வெற்றிடம்.

அப்போது சிட்லபாக்கத்திலிருந்து அம்மாவின் போன். "அப்பா ஸ்கூல்ல பேசிட்டார்டி. மே மாசமே வந்துட்டா அட்மிஷன் சுலபமாம். எப்ப கிளம்பறீங்க?"

"சீசன் முடியட்டும்மா" என்றேன்.

"எந்த சீசன்? மாம்பழமா?"

மீன் வரும் காலத்தைச் சொல்லும் அந்த 'சீசன்' எனக்குள் எப்போது வந்து உட்கார்ந்ததென்று எனக்கே தெரியாது. "அப்புறம் பேசறேம்மா" என்று வைத்துவிட்டு, பேனாவை எடுத்து, சுன்னிவாவுக்குக் கீழே 'அனு' என்று தமிழில் எழுதினேன். எட்டிப் பார்த்த அனு, "இங்க யாருக்கும் படிக்கத் தெரியாதேம்மா" என்றாள். பக்கத்திலேயே அவர்கள் எழுத்திலும் எழுதினேன். அதற்கும் கீழே, எங்களுக்குப் பின் வரப்போகிற பிள்ளைக்கு, கொஞ்சம் இடம் விட்டு.