என் போனில் இருந்த வானிலை ஆப்

ஒரு வாரமாக என் போனில் மதியத்துக்குள் சார்ஜ் தீர்ந்துவிடுகிறது. இன்று வில்லியனூர் மொபைல் கடையில் கொடுத்தேன். கடைக்கார பாய் செட்டிங்ஸில் துருவிவிட்டு, போனை ஆஃப் செய்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"இன்னாக்கா இது? வானிலைனு ஒரு ஆப் இருக்கு. நீங்க பேசுறது, போற இடம், மெசேஜ் எல்லாத்தையும் யாருக்கோ அனுப்புது. நீங்க போட்டீங்களா?"

"இல்ல பாய். எங்க வூட்டுக்காரருதான் போன வாரம் அப்டேட் பண்றேன்னு போனை வாங்குனாரு."

"எடுத்துடவா? எடுத்தா அவருக்குத் தெரிஞ்சிடும்."

போனை அங்கேயே விட்டுவிட்டு, உறுவையாறில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் பஸ் ஏறினேன்.

இதை அண்ணி போனில் எழுதுகிறேன். அந்த ஆப் இருந்த ஒரு வாரம் முழுக்க நான் பேசியது பால்காரரிடமும் தையல்கார அக்காவிடமும்தான்.

என் வீட்டுக்காரரும் இந்தப் பதிவைப் படிப்பார். ஒளிந்து கேட்டதில் என்ன கிடைத்தது என்று கமெண்டில் சொல்லட்டும்.