அண்ணைக்காக நின்ற நாட்கள்

அண்ணை இறந்து ஒரு மாதம் கழித்து, அவருடைய பேஸ்போல் அணித் தலைவர் வால்தம்ஸ்டோவில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தார். கனடாக்காரர், பெரிய உருவம். சோபாவின் நுனியில் உட்கார்ந்து, அம்மா கொடுத்த தேநீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். சைக்கிளில் வேலைக்குப் போன அண்ணையை லொறி அடித்த சந்தியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அப்பா மரத்தில் உருவங்கள் செதுக்குவார் என்று அண்ணை அணியில் எல்லோரிடமும் சொல்லியிருந்தாராம். பூங்காவில் அவர்கள் உடை மாற்றும் சிறிய கட்டடத்தில் வைக்க, அண்ணையின் உருவம் ஒன்று செய்து தர முடியுமா என்று கேட்டார்.

அப்பா யோசிக்காமல் சம்மதித்தார். அண்ணையின் ஆட்டம் ஒன்றைக்கூட அவர் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைகளிலும் அவருக்கு ஷிப்ட். அதோடு, பேஸ்போல் என்பது கிரிக்கெட் வராதவர்களின் விளையாட்டு என்பது அவருடைய கட்சி.

அப்பாவுக்குச் சமையலறை அலமாரிகள் செய்யும் பட்டறையில் வேலை. நேரம் கிடைக்கும்போது பின்வளவுக் கொட்டிலில் ஆந்தைகளும் யானைகளும் செதுக்குவார். மனித முகம் செய்ததில்லை. ஆனாலும் உடம்பு சுலபமாகவே வந்தது. பந்தைக் கையுறைக்குள் மறைத்து, எறியத் தயாராக நிற்கும் அண்ணை, இடுப்புக்கு மேலே. சட்டையின் சுருக்கம்கூட வந்துவிட்டது. முகத்துக்கு வந்ததும் உளி நின்றுவிட்டது. அணிக்காரர்கள் அனுப்பிய படங்களில் ஒன்றில் தொப்பி நிழல் மறைத்தது, மற்றதிலெல்லாம் அண்ணை சிரித்துக்கொண்டிருந்தார்.

"சிரிக்காமல் இருக்கேக்கை அவன் எப்பிடி இருப்பான்?" என்று அப்பா அம்மாவிடம் கேட்டார். அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்த என்னை அப்பா கொட்டிலுக்குக் கூப்பிட்டார். எனக்கு அப்போது பத்து வயது.

"உனக்கும் அவன்ட நாடிதானே. கொஞ்ச நேரம் அசையாமல் நில்லு."

அண்ணையின் தொப்பியை என் தலையில் வைத்து, என் தாடையை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். பெருவிரலால் என் கன்ன எலும்பைத் தடவிவிட்டு அதே விரலால் மரத்தைத் தடவினார். இன்றைக்கு நானும் மரம் செதுக்குகிறவள். அந்த விரல் எதைத் தேடியது என்று இப்போது தெரிகிறது. அன்றைக்குத் தெரிந்ததெல்லாம் அப்பா என்னைப் பார்க்கிறார் என்பதுதான். அதற்கு முன்பு அவர் என்னை அவ்வளவு நேரம் பார்த்ததே இல்லை. வீடே அழுதுகொண்டிருந்த அந்த நாட்களில் நான் ரகசியமாகச் சந்தோஷமாக இருந்தேன்.

ஒருநாள் தேநீரோடு கதவைத் திறந்த அம்மா, தொப்பியோடு நின்ற என்னைக் கண்டு அப்படியே நின்றுவிட்டார். பிறகு அப்பாவைப் பார்த்து, "இருக்கிற பிள்ளையையும் இப்பிடிச் செய்யாதேங்கோ" என்றார்.

"கண் மட்டும்தான் மிச்சம்" என்றார் அப்பா.

சிலையை வைத்த ஞாயிற்றுக்கிழமை தூறல். அப்பா லீவு எடுத்திருந்தார். ஆட்டக்காரர்கள் தொப்பிகளைக் கழற்றிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். தலைவர் துணியை விலக்கியதும் ஒருவர் பின் ஒருவராக வந்து, அப்படியே அவனைப் போலவே இருக்கிறது என்று அப்பாவின் கையைப் பிடித்துச் சொன்னார்கள். கடைசியாக அம்மா கிட்டப் போய் நெடுநேரம் பார்த்தார்.

"இது அவனில்லை. இது சின்னவள்" என்றார், அப்பாவுக்கு மட்டும் கேட்கும்படி. பக்கத்தில் நின்றதால் எனக்கும் கேட்டது.

அப்பா மரமுகத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஓம்" என்றார்.

அதன் பிறகு அப்பா கொட்டிலுக்குப் போகவில்லை. சோறு போடும்போதும், பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிடும்போதும், என் தோளுக்கு மேலே எங்கேயோ பார்த்துத்தான் பேசினார். நான் ஒழுங்காக நிற்காததால்தான் சிலை பிழையாய்ப் போனது, அதுதான் கோபம் என்று நினைத்தேன். அடுத்த முறை கூப்பிடும்போது பிழை வரக்கூடாது என்று, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணாடிக்கு முன்னால் சிரிக்காமல் அசையாமல் நின்று பழகினேன்.