மிதியம்மாவின் வலது கால்

ஒரு தடவை பட்டறையில் நின்ற காரின் பின் சீட்டில் யாருடைய குழந்தையோ தூங்கிக்கொண்டிருந்தது. முகத்தில் சுள்ளென்று வெயில். மெக்கானிக்கின் மனைவி வந்து, வேலை முடியும்வரை ஜன்னலில் முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். குழந்தையின் அப்பா டீ குடித்துவிட்டு வருவதற்குள் விலகிப் போய்விட்டாள். வாடகைக் கார் டிரைவர் ஒருவர் மட்டும் அதைப் பார்த்தார்.

எல்லோருக்கும் அவள் மிதியம்மாதான். பிரேக் குழாயில் புகுந்த காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். புருஷன் சக்கரத்தடியில் படுத்துத் திருகாணியைத் திறந்து மூடுவான். இவள் சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதிப்பாள்.

"இவ காலுக்கடியிலதான் என் பொழப்பே ஓடுது" என்பான்.

"பொழப்பு மட்டுமா?" என்பாள்.

ஒரு நாள் அந்த டிரைவர் முகம் வெளிறிப்போய் வந்தார். இறக்கத்தில் பிரேக்கை மிதித்தால் ஈரப்பஞ்சு மாதிரி அமுங்கியிருக்கிறது. நாலைந்து தரம் விட்டு விட்டு மிதித்த பிறகே, ஒரு தள்ளுவண்டியை இடிக்காத குறையாகக் கார் நின்றதாம். வீட்டிலோ நிறைமாத மகள். ஆஸ்பத்திரிக்கு அந்த இறக்கத்தை விட்டால் வேறு வழியில்லை.

"மிதி... பிடி... விடு" என்று சக்கரத்தடியிலிருந்து புருஷன் குரல் கொடுத்தான்.

குழாயில் குமிழ் குமிழாக வந்த காற்று நின்றது. மிதியம்மா படபடவென்று மிதித்தாள். பெடல் கல் மாதிரி நின்றது.

"எடுத்துட்டுப் போங்கண்ணே" என்று மெக்கானிக் கையைத் துடைத்தான்.

அந்த நேரம் பார்த்து டிரைவரின் மனைவி போனில் அழுதாள்: "பிள்ளைக்கு வலி எடுத்துடுச்சு. சீக்கிரம் வாங்க!"

டிரைவர் ஓடிப்போய்க் கார்க் கதவைத் திறந்தார். மிதியம்மா எழுந்திருக்கவில்லை. கால் பெடலில்; உதடு கடவுளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

"இறங்கும்மா தங்கச்சி! என் பொண்ணு அங்க துடிக்கிறா!"

"கொஞ்சம் பொறுங்கண்ணே."

"எந்திரிடி, அவர் தவிக்கிறாரு" என்று புருஷன் அதட்டினான்.

"பெடல் இறங்குதுங்க. குத்தி மிதிச்சா நிக்குது, அழுத்தி வச்சா மெல்ல உள்ள போகுது. நீங்களே பாருங்க."

அவள் இறங்க, அவன் உட்கார்ந்து பெடலை அழுத்தியே வைத்திருந்தான். கால் ஓசையில்லாமல் அடிவரை போய்விட்டது.

"பெடலுக்குப் பின்னால பிரேக் ஆயிலைத் தள்ளுற மாஸ்டர் சிலிண்டருக்குள்ள ரப்பர் தேஞ்சு போயிருக்குண்ணே. வெளியே ஒரு சொட்டு ஆயில்கூட ஒழுகல, ஏமாந்துட்டேன். இதுல போயிருந்தா..."

டிரைவருக்கு அந்தத் தள்ளுவண்டி கண்முன் வந்தது. கதவைப் பிடித்துக்கொண்டார்.

மெக்கானிக் தன் பழைய வேனை எடுத்தான்.

"இது நிக்குமாப்பா?"

"தினமும் என் பொண்டாட்டி மிதிச்சுப் பாக்குற வண்டிண்ணே. ஏறுங்க."

டிரைவர் வீட்டுக்குப் போய் மகளை ஏற்றிக்கொண்டார்கள். அவள் தலை மிதியம்மாவின் மடியில். முன் சீட்டில் டிரைவரின் வலது கால் இறக்கம் முழுக்க, பெடல் இல்லாத வெறும் தகரத்தை மிதித்துக்கொண்டே வந்தது. கடவுள் புண்ணியத்தில் தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

சில வருஷங்களில் அவர்கள் பட்டறையை மூடிவிட்டு மகன் வீட்டோடு போனார்கள். ரயிலடிக்குக் கொண்டுபோய் விட்டவர் அதே டிரைவர்தான். அதற்குப் பிறகு அவளை அவர் பார்க்கவில்லை. அன்று பையை இறக்கிய பின் அவள் கார் ஜன்னலில் குனிந்து சொன்னாள்:

"கிளம்புறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் மிதிச்சே வச்சுப் பாருங்கண்ணே. சாமி கூடவே வரும். ஆனா பிரேக்கை நீங்கதான் பாக்கணும்."