வானமும் வேண்டும், முகமும் வேண்டும்

கேமராவின் பின்திரையை எட்டிப் பார்த்த குமரன், "அக்கா, படத்துல நாங்க ரெண்டு பேரும் எங்கே?" என்று கேட்டான்.

கேட்டதில் தப்பில்லை. படத்தில் கடல் இருந்தது, ஃபெரி இருந்தது, மேகம்கூடத் தெளிவாக இருந்தது. மாப்பிள்ளையும் பெண்ணும்தான் இரண்டு கரிக்கட்டைகளாக நின்றார்கள்.

எங்கள் தீவின் ஜார்ஜ்டவுனில் ஒரு ஸ்டூடியோவுக்குள் நானே விளக்கு வைத்து, நானே அணைத்து, பல வருடம் படம் எடுத்தவள் நான். வெளியே வந்து கல்யாணப் படம் எடுக்க ஆரம்பித்த புதிதில் நடந்தது இது. புதுக் கேமராவோடு கடலோரத்துக்கு ஓடும் பிள்ளைகள் இன்று என்னிடம் அதிகம் கேட்பது, "வானம் வெள்ளையாப் போயிடுது, என்ன செய்யறது?" என்பதுதான். அவர்களுக்கு இந்தக் காலைப்பொழுதைத்தான் சொல்வேன்.

குமரனுக்கு ஊர் செபராங் ஜெயா. ரேணுகாவுக்குத் தாசேக் கெலுகோர், இரண்டும் அக்கரையில். இருவரும் தீவுக்கு வேலைக்கு வந்துபோன ஃபெரியில்தான் பழகினார்கள். அதனால் தங்களுக்குப் பின்னால் ஃபெரி போகவேண்டும் என்பது அவர்கள் ஆசை. படகுத்துறைப் பலகை ஜெட்டியின் நுனியில் நிற்கவைத்தேன். அங்கே கடல் கிழக்கே. காலை பத்து மணிக்குச் சூரியனும் கிழக்கேதான். அவர்கள் முதுகில் அத்தனை வெளிச்சம், முகத்தில் ஒன்றுமில்லை.

சரி, முகத்துக்கு வெளிச்ச அளவு வைப்போம் என்று எக்ஸ்போஷரைக் கூட்டினேன். முகம் வந்தது. வானம் வெள்ளைத் தாளாக வெந்துபோனது. அதோடு ஃபெரியும் காணாமல் போனது. ஃபிளாஷ் போட்டுப் பார்த்தேன். என்னிடம் இருந்ததோ சின்ன ஃபிளாஷ். அந்த வெயிலுக்கு முன்னால் அது எம்மாத்திரம்? நம் கண் வானத்தையும் முகத்தையும் ஒரே பார்வையில் பார்த்துவிடும். கேமராவுக்கு அந்தத் தாராளம் கிடையாது.

குடை பிடித்து நின்ற குமரனின் அம்மா லெட்சுமி அக்காவுக்கு மட்டும் அந்த வெளுத்த படம் ரொம்பப் பிடித்துவிட்டது.

"இதான்மா நல்லா இருக்கு! பொண்ணு எப்படி செவப்பா தெரியறா பாரு. இதையே பெருசாப் போட்டுடு. பனாஸ்லா, சூடு தாங்கல, வாங்க போவோம், வெயில்ல நின்னா இன்னும் கருத்துடுவா."

ரேணுகா திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாகத்தான் பேசினாள்.

"அத்தை, எங்கக்கா கல்யாண ஆல்பத்துலயும் இப்படித்தான் எடுத்தாங்க. மாவு மூட்டையில விழுந்து எந்திரிச்ச மாதிரி நிக்கிறேன். அதுல நான் எதுன்னு எங்கம்மாவுக்கே தெரியல. எனக்கு என் கலர் வேணும். அந்த ஃபெரியும் வேணும்."

லெட்சுமி அக்காவின் முகம் சுருங்கியது. "எல்லாம் நல்லதுக்குத்தானே சொன்னேன்" என்றார். குமரன் கடலைப் பார்த்தான். இந்தக் கல்யாணத்தின் முதல் சண்டை என் கேமராவால் வந்துவிடுமோ என்று அவசரமாக நடுவில் புகுந்தேன்.

"சாயந்திரம் அஞ்சரைக்கு வாங்க. இதே இடம், இதே டிரஸ்" என்றேன்.

"வேற ஆளா இருந்தா இந்நேரம் முடிச்சிருப்பான்லா" என்று முணுமுணுத்தபடியே லெட்சுமி அக்கா காருக்கு நடந்தார். திரும்பி வருவார்களா என்பதே எனக்குச் சந்தேகம். மழை வந்தாலும் போச்சு. மத்தியானம் முழுக்க ஸ்டூடியோ வாசலில் நின்று மேகத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

வந்தார்கள். மூவருமே வந்தார்கள்.

இப்போது சூரியன் என் முதுகுப் பக்கம், ஊருக்கு மேலே சாய்ந்து நின்றது. எதிரே கடலுக்கு மேல் வானம் நல்ல நீலம். முதலில் வானத்தை மட்டும் எடுத்துப் பார்த்தேன். வெந்துபோன இடங்கள் திரையில் கண்சிமிட்டும். அந்தச் சிமிட்டல் நிற்கும்வரை எக்ஸ்போஷரைக் குறைத்து, மேனுவலில் நிறுத்தினேன். ஆட்டோவில் விட்டால், ரேணுகாவின் மெரூன் பட்டுப்புடவையையும் குமரனின் கறுப்புக் கோட் சூட்டையும் பார்த்துவிட்டு, இருட்டாக இருக்கிறது என்று நினைத்துக் கேமரா தானாகவே வெளுத்துக் கொடுக்கும்.

எதிர்வெயிலில் இருவருக்கும் கண் கூசியது. "கண்ணை மூடிக்குங்க. நான் சொன்னதும் திறங்க" என்றேன். ஃபெரி நடுவில் வரும்வரை காத்திருந்தேன். "திறங்க!"

கண்ணைத் திறந்ததும் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்போடு எடுத்தேன்.

ரேணுகா திரையைப் பார்த்தாள். அவளுடைய மாநிறத்துக்கும் கொஞ்சம் கூடுதலான கறுப்பு, சாய்ந்த வெயில் பட்டு மினுமினுத்தது. நெற்றிச்சுட்டி, மூக்குத்தி, கன்னத்து மச்சம் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. தோளுக்குப் பின்னால் ஃபெரி.

"நான்தான்லா இது!" என்று குமரனின் கையைப் பிடித்து உலுக்கினாள்.

லெட்சுமி அக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். நான் பையை மூடப் போனபோதுதான் பக்கத்தில் வந்தார். கைக்குட்டையால் முகத்துப் பவுடரை அழுத்தித் துடைத்திருந்தார்.

"எம்மா, வெயில் இன்னும் இருக்கில்ல? எனக்கும் அப்படியே ஒண்ணு எடு. வெள்ளையாக்காத."

எடுத்தேன். மருமகள் தானாக வந்து அவர் பக்கத்தில் நின்றுகொண்டாள். அந்தப் படத்தைத்தான் அவர்கள் வீட்டில் பெரிதாக மாட்டியிருக்கிறார்கள்.

எனவே பிள்ளைகளே, பட்டனை அழுத்துவதற்கு முன்னால் சூரியன் எந்தப் பக்கம் என்று பாருங்கள். சரியில்லை என்றால், திட்டு வாங்கினாலும் பரவாயில்லை, வேறு நேரம் கேளுங்கள். வானத்துக்கு அளவு வையுங்கள்; முகத்தில் வெயில் விழ வையுங்கள். எதிரில் நிற்பவரை வெளுக்க வைப்பது உங்கள் வேலையே இல்லை.