மெயின் பெட்டியும் என் சட்ட அறிவும்

குற்றாலத்தில் அப்பா கட்டிய வீடு ஒன்று எனக்கு உண்டு. நான் குடியிருப்பது தென்காசியில். முன்கட்டை சீசனுக்கு வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விடுவேன். பின்கட்டில் ஒரு பெண் குடியிருந்தாள். கணவர் ராணுவத்தில், வடக்கே ஏதோ பனிமலையில். அவள் பாவூர்சத்திரத்தில் ஒரு கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தாள்.

இரண்டு கட்டுக்கும் சேர்த்து நடைவழிச் சுவரில் ஒரே மின்பெட்டி. மரப்பலகை, இரும்பு மெயின் சுவிட்ச், வரிசையாகப் பீங்கான் ப்யூஸ்கள். வீட்டில் நாலு பல்பும் ஒரு ரேடியோவும் மட்டும் இருந்த காலத்தில் பொருத்தியது.

"அண்ணாச்சி, வாஷிங் மெஷினத் தொட்டா சுருக்குன்னு இழுக்கு" என்றாள் ஒருநாள்.

"ரப்பர் செருப்பு போட்டுக்கிட்டுத் தொடும்மா" என்றேன். அவள் வாங்கிப் போட்டுக்கொண்டாள். பிரச்சினையைத் தீர்த்துவிட்ட திருப்தியில் நான் பஸ் ஏறினேன்.

இரண்டாவது முறை சொன்னபோது வயர்மேனை அழைத்து வந்தேன். அவர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, இழவு வீட்டுக்குள் நுழைந்தவர் மாதிரி நின்றார்.

"பூரா மாத்தணும் அண்ணாச்சி. எர்த்தே இல்ல. ஷாக் அடிச்சா தானா அணையுற டிரிப்பர் வைக்கணும். ஒயரு அப்பளமா நொறுங்குது."

"மாத்தியே ஆகணும்னு ரூல் இருக்கா?"

"ரூலா? பழைய வீட்டுக்குள்ள வந்து யாரு பாக்கப் போறா? ஆனா..."

அந்த 'ஆனா'வுக்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் என் காதில் விழவில்லை. அன்று வீட்டுக்குப் போய் விதிமுறைகளை எடுத்து வைத்துப் படித்தேன். புத்தகம் படித்துப் படித்து வீணாய்ப்போனவன் நான். எதையும் படித்தே செய்யாமல் விட முடியும் என்பது என் அனுபவம். சட்டம் முழுதாக என்ன சொல்கிறது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எனக்குச் சாதகமாக ஒரு வரி கிடைத்ததும் படிப்பதை நிறுத்திவிட்டேன். அதை அவளிடம் போய் விளக்கினேன். ஏற்கெனவே இருப்பது வேறு, புதிதாக வைப்பது வேறு என்று ஒரு வக்கீல் அளவுக்குப் பேசினேன். "சரி அண்ணாச்சி" என்றாள்.

அந்த ஆடியில் பிடித்த சாரல் விடவில்லை. அருவிகளில் வெள்ளம், குளிக்கத் தடை. என் முன்கட்டில் இறங்கியிருந்த குடும்பம் அருவிக்கென்றே மதுரையிலிருந்து வந்தது. அருவி இல்லை என்றானதும் வீட்டிலேயே வெந்நீர்க் குளியல் என்று முடிவு செய்து, வாளிக்கு ஒன்றாக மூன்று ஹீட்டர் கம்பிகளைக் கடைவீதியில் வாங்கி வந்துவிட்டார்கள். குற்றாலத்துக்கு வந்து வெந்நீரில் குளிக்கிறவர்களை நான் அப்போதுதான் பார்க்கிறேன்.

ப்யூஸ் போனது. "சார், கரண்ட் இல்ல" என்று போன். போய்க் கட்டினேன். சாயங்காலம் மறுபடி போன். மறுநாள் காலை மூன்றாவது தடவை. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் மழையில் ஸ்கூட்டரில் அலைந்த ஆத்திரம். ஸ்டூலைப் போட்டு ஏறி, மெல்லிய கம்பி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வயரை உரித்து, உள்ளிருந்த செம்புக் கம்பிகளை முறுக்கிக் கட்டினேன். இனி எவ்வளவு இழுத்தாலும் போகாது. போகவில்லை.

அன்று அவளுக்குக் கடை விடுமுறை. மதியம் பின்கட்டில் அவள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோது நடைவழியில் ரப்பர் தீய்கிற வாடை. போய்ப் பார்த்தால் பெட்டிக்குள்ளிருந்து புகை. முன்கட்டில் மூன்று வாளி நீரும் கொதித்துக்கொண்டிருந்தது. மெயினை அணைக்க ஈரக்கையோடு இரும்புப் பிடியைப் பிடித்திருக்கிறாள். தூக்கி எறிந்துவிட்டது. விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்தது. எறிந்ததால் பிழைத்தாள், பிடித்து வைத்திருந்தால் முடிந்திருக்கும் என்றார் தென்காசி டாக்டர். அதை என்னைப் பார்த்துச் சொன்னார். கூட வந்தவன் நான்தானே.

மறுநாள் வயர்மேன் கருகிய ப்யூஸைப் பிடுங்கிக் காட்டினார். "எந்தப் படுபாவி இந்தத் தண்டி கம்பியச் சுத்தினது? இது இல்லன்னா ப்யூஸ் போயிருக்கும், புகையே வந்திருக்காது." கட்டுப்போட்ட கையோடு நின்றவளைப் பார்த்தார். "நீங்களாக்கா?"

"எனக்கு இதெல்லாம் தெரியாதுங்க."

நான் சுவரில் தொங்கிய காலண்டரில் நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெட்டி மூன்றே நாளில் மாறியது. விதிமுறை எதையும் நான் புரட்டவில்லை. பழம் வாங்கிக்கொண்டு அவளைப் பார்க்கப் போனேன். ஒற்றைக் கையால் முடியாமல் போனை ஸ்பீக்கரில் போட்டுக் கணவரோடு பேசிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, ஒனக்கு எதுக்கு ப்யூஸ் வேல? வயர்மேன் சொன்னாராம்லா, யாரோ சுத்திருக்காவன்னு."

"நான் தொடலங்க."

"பின்ன பேயா வந்து சுத்திச்சு? நல்லவேளை, அண்ணாச்சி இருக்காரு. அவர் இருக்கிற தைரியத்துலதான் நான் இங்கன கெடக்கேன். வந்தா ஒரு தேங்க்ஸ் சொல்லு."

"வந்திருக்காரு" என்றாள்.

அவர் எனக்கு நேரடியாகவே நன்றி சொன்னார். இரண்டு தடவை. நான் வாழைப்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "அதெல்லாம் இருக்கட்டும்" என்றேன். அவள் போனை வைத்தாள்.

என் வாழ்நாளில் ஒரு வாக்கியத்தைச் சொல்ல அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதில்லை. "அம்மா, அந்தக் கம்பிய நான்தான் கட்டினேன்."

"தெரியும் அண்ணாச்சி. நீங்க ஸ்டூல் போட்டு ஏறுனத அடுக்களையிலேந்து பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

"பின்ன ஏம்மா வயர்மேன்கிட்டச் சொல்லல? இப்ப வீட்டுக்காரர்கிட்டயும்..."

"நீங்களே சொல்லுவியன்னு பாத்தேன்." பழத்தை இடது கையால் வாங்கி வைத்தாள். "அவுகளுக்கு நீங்களே போன் போட்டுச் சொல்லிருங்க. நம்பர் இருக்குல்லா?"

அங்கேயே நின்று போட்டேன். எதிர்முனையில் காற்றுச் சத்தம். எல்லாம் கேட்டுவிட்டு, "சரிங்க" என்றார். அண்ணாச்சி என்று சொல்லவில்லை.

ஆடியில் வீடு மாறமாட்டார்கள் என்பதால் அந்த மாதம் முழுக்க அவள் அங்கேயே இருந்தாள். பார்க்கிறபோதெல்லாம் "சாப்பிட்டாச்சா?" என்று விசாரிப்பாள். ஆவணி பிறந்த முதல் முகூர்த்தத்தில் காலி செய்தாள். சாமான்களை வண்டியில் ஏற்ற நானும் ஒரு கை பிடித்தேன். வாஷிங் மெஷினைத் தொட எனக்குக் கை வரவில்லை.